பத்துக்குப் பத்து வாங்கிய கட்டுரை

நெர்மினாவின் சீட்டில் ஒரே வரிதான் எழுதியிருந்தது. "1992-இல் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து பெயர்களை அடித்தது நியாயமே. நிறுவுக."

இரண்டு முறை படித்தாள். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் வோய்கோ செலானைப் பார்த்தாள். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைநகர் லூப்லியானாவில், ஆற்றைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்தக் கழகம். சட்டத் தத்துவமும் அரசியல் தத்துவமும் பட்டமேற்படிப்பாகச் சொல்லித்தருகிற இடம். அந்த வருடம் மொத்தமே எட்டு மாணவர்கள். செலான்தான் அங்கே பெரிய தலை. பத்திரிகையில் எழுதுவார், தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசுவார். நெர்மினாவின் ஆய்வேட்டுக்கும் அவர்தான் வழிகாட்டி. சட்டத்துக்குக் கீழ்ப்படியும் கடமை எங்கிருந்து வருகிறது என்பது அவளுடைய ஆய்வு.

"இந்தப் பருவத்துக்குப் பயிற்சி இதுதான்," என்றார் செலான். "உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத பக்கத்தை எடுத்துப் பேசணும். ஒப்புக்குச் சப்பாணியா இல்ல. எதிராளி கேட்டுட்டு, 'ஆமாய்யா, நான் சொல்ல நினைச்சது இதைத்தான், எனக்கு இவ்ளோ நல்லா சொல்ல வரல'ன்னு சொல்லணும். அது வரைக்கும் நீங்க அவனைப் புரிஞ்சுக்கலன்னு அர்த்தம்."

பக்கத்திலிருந்த யெர்னேயா தன் சீட்டை விசிறிபோல ஆட்டினாள். "எனக்குத் தூக்குத் தண்டனை. திலெனுக்கு மன்னராட்சி. உனக்கு என்ன வந்துச்சு?"

நெர்மினா சீட்டைத் திருப்பிக் காட்டினாள். யெர்னேயாவின் முகம் மாறியது. விடுதியில் ஒரே அறையில் இருப்பவள். அவளுக்கு விஷயம் தெரியும். "மாத்திக்கலாம்டி. நான் எடுத்துக்கறேன்."

"வேண்டாம்."

"என்ன நெர்மினா, ஏதாவது சிரமமா?" என்று செலான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

ஒன்றும் இல்லாமல் இல்லை. நெர்மினாவின் அப்பா ஃபிக்ரெத், பதினெட்டு வயதில் போஸ்னியாவிலிருந்து வந்து ப்லாவ்னா என்ற ஊரின் எஃகு ஆலையில் உலைக்காரராகச் சேர்ந்தவர். ஸ்லாவ்கா என்கிற உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினார், வீடு கட்டினார், இருபது வருடம் நெருப்பு முன்னால் நின்றார். அப்போது போஸ்னியாவும் இந்த ஊரும் எல்லாமே ஒரே நாடு. பிறகு நாடு உடைந்தது. புது நாட்டில், வேறு குடியரசுகளில் பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் குடியுரிமை என்றார்கள். ஃபிக்ரெத் எழுதிக் கொடுக்கவில்லை. பிறந்த ஊரிலிருந்து ஒரு காகிதம் வர வேண்டியிருந்தது, அங்கே சண்டை மூட்டமாக இருந்தது, வேலை இருந்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. குடியுரிமை இல்லாவிட்டால் என்ன, வெளிநாட்டுக்காரனாக இதே வீட்டில் இருக்கப்போகிறோம் என்று நினைத்தார். அப்படி நினைத்தவர்கள் பதினெட்டாயிரம் பேர் என்று அரசாங்கமே பின்னால் ஒப்புக்கொண்டது.

1992 பிப்ரவரியில் ஒரு நாள், யாருக்கும் ஒரு கடிதம்கூடப் போடாமல், அத்தனை பேர் பெயரையும் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். ஃபிக்ரெத்துக்கு அது தெரிந்தது ஜூன் மாதத்தில். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் அவருக்குத் தெரிந்தவள்தான், அவள் புருஷன் இவரோடு ஒரே ஷிப்ட். அவள் அடையாள அட்டையை வாங்கி, காகிதம் துளைக்கிற கருவியை எடுத்து, அட்டையில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இனி இது செல்லாது, ஃபிக்ரெத். நீங்க இங்க இல்ல," என்றாள். அவர் அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வேலை போனது. மருத்துவக் காப்பீடு போனது. எட்டு வருடம் ஊரை விட்டு வெளியே போகவில்லை. போலீஸ்காரன் அட்டை கேட்டால் எல்லைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான். கூரை ஓடு மாற்றினார், விறகு பிளந்தார், ஸ்லாவ்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். காட்ட அட்டை இல்லாததால், அப்பாவுக்கு வந்த பார்சலைப் பன்னிரண்டு வயது நெர்மினா வாங்கத் தபால் நிலையத்தில் போய் நின்றாள். 2000-இல், சொந்த வீட்டில் குடியிருக்க வெளிநாட்டவர் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் அவருக்கு ஓட்டு இல்லை.

இதை வைத்துக்கொண்டுதான் அவள் "ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைப் பின்னால் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். கோபம்தான். செலான் எதற்குக் காத்திருந்தார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒன்று அழுவாள், அல்லது மறுப்பாள். இரண்டில் எது நடந்தாலும், "பாத்தீங்களா, சொந்த விஷயம் வந்தா யோசனை நின்னுடும்" என்று மற்ற ஏழு பேருக்கும் மென்மையாகப் பாடம் எடுப்பார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது. எழுதுகிறேன், உங்களில் ஒருத்தராலும் எழுத முடியாத அளவுக்கு எழுதுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தாள்.

மூன்று நாள் எழுதினாள். இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் கோபம் அடங்கி வேறொன்று வந்தது. வாதம் கையில் வழவழவென்று திரண்டு வந்தது. ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தைத் தானே கூப்பிட்டது. அவள் ரசித்து எழுதினாள். நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளால் தாங்க முடியாமல் போனது அந்த ரசிப்பைத்தான்.

வகுப்பில் வாசித்தாள். முடித்தபோது யெர்னேயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செலான் பேனாவை மூடினார்.

"பத்து," என்றார். அங்கே பத்துக்கு மேல் மதிப்பெண் கிடையாது. "பதினஞ்சு வருஷத்துல நான் மூணு பேருக்குத்தான் போட்டிருக்கேன். எனக்கு ஒரு பிரதி அனுப்பிடுங்க."

அனுப்பினாள்.

மார்ச் மாதம் ஊரெல்லாம் சுவரொட்டி. பெயர் அடிபட்டவர்களுக்கு உரிமையைத் திருப்பித் தரும் சட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு, ஏப்ரல் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நியாயத்தை ஓட்டுக்கு விடலாமா கூடாதா என்று கழகத்தின் காப்பி இயந்திரத்துக்கு முன்னால் எல்லாரும் மணிக்கணக்கில் பேசினார்கள். நெர்மினா அந்தப் பக்கம் போகவில்லை.

வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா மாட்டிறைச்சி சூப்பில் மெல்லிய சேமியாவைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா சாப்பாட்டு மேசையிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ துண்டுப் பிரசுரம் படித்துக்கொண்டிருந்தார்.

"அதை மடிச்சு வையுங்களேன்," என்றாள் ஸ்லாவ்கா. "காலையிலேருந்து இது நாலாவது தடவை. சூப் ஆறுது."

"என்னப்பா அது?"

"தபால் பெட்டில போட்டுட்டுப் போயிருக்கானுங்க. வேண்டாம்னு ஓட்டுப் போடச் சொல்ற கூட்டம்." ஃபிக்ரெத் காகிதத்தை நிமிர்த்தினார். "ஆனா இவன் மத்தவனுங்க மாதிரி இல்லடா. நம்மளத் துரோகின்னு சொல்லல, ஒட்டுண்ணின்னு சொல்லல. மரியாதையா பேசறான். கேளு."

அவர் மகளை "டா" போட்டுத்தான் கூப்பிடுவார். உலைக்காரக் குரலில், இன்னும் போஸ்னியா வாடை போகாத உச்சரிப்பில், விரலை வரிக்கு அடியில் வைத்துப் படித்தார்.

"ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள், பெற்றார்கள். சிலர் விண்ணப்பிக்கவில்லை. அவர்களை நாம் பகைவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் வயது வந்தவர்கள், யோசித்து முடிவெடுக்கத் தெரிந்தவர்கள். பேசாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். ஒருவருடைய முடிவை மதிப்பதென்றால் அதன் விளைவையும் மதிக்க வேண்டும். இன்று அதை மாற்றி எழுதுவது அவர்களைக் குழந்தைகளாக்குவது."

நெர்மினாவின் கையில் கரண்டி நின்றது. ஒரு காற்புள்ளி மாறவில்லை. "பேசாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்" என்ற வரிக்கு அவள் எத்தனை தடவை அடித்து அடித்து எழுதினாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"யார் எழுதினதுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"பேரு இல்ல. எவனோ படிச்சவன்." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அவன் சொல்றதுல என்ன தப்பு? ஆறு மாசம் குடுத்தாங்க. குடுத்தாங்கதான். நான் எழுதிக் கேக்கல. கேக்கலதான். பன்னெண்டு வருஷமா அந்த ஜன்னல்காரியத் திட்டிக்கிட்டு இருந்தேன். அவ என்ன பண்ணுவா? நான்தான் போயிருக்கணும். சோம்பேறித்தனம். உங்கம்மாவையும் உன்னையும் தெருவுல நிறுத்தினது யாருன்னு பாத்தா, கடைசில நான்தான்."

"அப்படிப் பேசாதீங்க," என்றாள் ஸ்லாவ்கா.

"ஏன் பேசக் கூடாது? இவ்ளோ தெளிவா எனக்கு யாரும் எடுத்துச் சொல்லலியே." அவர் பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பேர் அடிபட்டவங்க சங்கத்துக்காரங்க வழக்குப் போடறதுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தாங்க. போன வாரம் வந்திருந்தா போட்டிருப்பேன். நேத்து வேண்டாம்னுட்டேன்."

நெர்மினா எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது. யாரை என்று பார்த்தால் முதலில் கண்ணாடியில் இருந்தவள்தான் கிடைத்தாள். அன்றைக்கு அவளால் அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. மத்தியான ரயிலிலேயே திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை செலானின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். ரயில் நிலையத்தில் கிடைத்த அதே பிரசுரத்தின் ஒரு பிரதியை மேசையில் வைத்தாள்.

"உக்காருங்க நெர்மினா."

"இது எப்படி வெளிய போச்சு?"

"நண்பர் ஒருத்தர், பிரசாரக் குழுவுல இருக்கார். மட்டமான வாசகங்களா வருதே, கொஞ்சம் நாகரிகமா ஏதாவது கிடைக்குமான்னு கேட்டார். குடுத்தேன். யோசிச்சுப் பாருங்க, இதனால இந்தச் சண்டையோட தரம் உயர்ந்திருக்கு." அவர் பிரசுரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "உங்க பேரைப் போட வேண்டாம்னு நான்தான் சொன்னேன். உங்களைப் பாதுகாக்க."

"என்னைக் கேட்டீங்களா?"

"வகுப்புல எல்லார் முன்னாடியும் வாசிச்ச கட்டுரை. வாதத்துக்கு அப்பன் ஆத்தா கிடையாது நெர்மினா. சரியா தப்பா, அவ்ளோதான் கேள்வி."

"எனக்கு அப்பா இருக்கார்."

"தெரியும்." அவர் குரல் இன்னும் மென்மையானது. "உங்க குடும்பப் பேரையும் ஊரையும் பாத்தேன், ஊகிச்சேன். அதனாலதான் அந்தத் தலைப்பை உங்களுக்குக் குடுத்தேன். சொந்த வலியிலேருந்து நாலடி தள்ளி நின்னு யோசிக்க முடியுதான்னு பாக்கணும்னு. நின்னீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

நெர்மினாவுக்குக் காதுமடல் சுட்டது. தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்தே கொடுத்து, தெரிந்தே வாங்கி, தெரிந்தே அனுப்பியிருக்கிறார். அதைப் பரிசுபோல் வேறு நீட்டுகிறார்.

"நீங்க எந்த வலியிலேருந்து தள்ளி நின்னு பழகினீங்க சார்?"

"புரியல."

"எல்லாருக்கும் சீட்டுக் குடுத்தீங்க. உங்களுக்கு யார் குடுத்தாங்க? உங்க வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி ஏதாவது நடந்து, அது நியாயம்தான்னு நீங்க உக்காந்து எழுதியிருக்கீங்களா?"

செலான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குப் பத்து மணிக்கு வகுப்பு. ஒண்ணு மட்டும் சொல்றேன், உங்க நன்மைக்கு. இதை வெளிய போய்ச் சொன்னா, 'நான் எழுதறதை நானே நம்பறதில்ல'ன்னு நீங்களே தம்பட்டம் அடிச்ச மாதிரி. நம்ம துறை சின்னது. அந்தப் பேர் ஒட்டிக்கும்."

கதவை அறைந்து சாத்தினாள். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை நகர நூலகக் கூடத்தில் ஒரு பொது விவாதம் இருந்தது. மேடையில் மூன்று பேர், நடுவில் செலான். அதற்குள் நெர்மினா பழைய செய்தித்தாள்களின் கட்டுகளுக்குள் பத்து நாள் கிடந்திருந்தாள். அந்த ஆறு மாதத்தின் ஒவ்வொரு நாள் தாளையும், ஒவ்வொரு அரசு அறிவிப்பையும் புரட்டினாள். யெர்னேயா கூட உட்கார்ந்து பாதியைப் படித்தாள். "கண்ணு அவிஞ்சு போச்சுடி," என்று முணுமுணுத்தாளே தவிர எழுந்து போகவில்லை.

கூடத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். கேள்வி நேரம் வந்ததும் நெர்மினா எழுந்தாள். ஒலிவாங்கியை யாரோ கையில் கொடுத்தார்கள்.

"என் பேர் நெர்மினா ஷாபிச். நீங்க எல்லாரும் கையில வெச்சிருக்கற இந்தப் பிரசுரத்தை எழுதினது நான்."

கூடத்தில் சலசலப்பு. செலான் முந்திக்கொண்டார். "ஆமா, என் மாணவி. ரொம்பத் திறமைசாலி." சிலர் சிரித்தார்கள். "இப்ப மனசு மாறிட்டாங்க போல. தப்பில்ல. ஆனா எழுதினவங்க மனசு மாறினா எழுத்து பொய்யாயிடுமா?"

"ஆகாது. இது எழுதும்போதே பொய்," என்றாள். பிரசுரத்தை உயர்த்திப் பிடித்தாள். "எந்த இடத்துல ஒட்டுப் போட்டேன்னு எனக்குத் தெரியும், ஏன்னா போட்டது நான். 'பேசாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.' இந்த வரிதான். எப்ப அது முடிவு? ஒரு கேள்வியைக் கேட்டு, அதுக்குப் பேசாம இருந்தா. உனக்குக் குடியுரிமை வேணுமான்னு கேட்டாங்க. எங்கப்பா பேசாம இருந்தார். சரி, குடியுரிமை இல்ல. அதை நான் ஒத்துக்கறேன். ஆனா உன் வீட்டுல நீ குடியிருக்கற உரிமையை எடுத்துக்கட்டுமான்னு யாரும் அவரைக் கேக்கல. ஒரு கேள்விக்கு அவர் பேசாம இருந்ததை எடுத்து, கேக்காத இன்னொரு கேள்விக்குப் பதிலா எழுதிக்கிட்டாங்க. அதையே நானும் செஞ்சேன். தெரிஞ்சே செஞ்சேன்."

"ஆறு மாசமா பேப்பர்ல கத்திக்கிட்டு இருந்தாங்களேம்மா," என்று பின் வரிசையிலிருந்து ஒருவர்.

"என்ன கத்தினாங்க? எப்படி விண்ணப்பிக்கறதுன்னு போட்டாங்க. விண்ணப்பிக்கலன்னா உன் பேரை அடிச்சிடுவோம்னு ஒரு பேப்பர்ல, ஒரே ஒரு வரி, காட்டுங்க. அந்த ஆறு மாசத்துப் பேப்பர் மொத்தத்தையும் படிச்சுட்டு வந்திருக்கேன். இல்ல."

"உங்கப்பன் அவன் ஊருக்கே போயிருக்கலாம்ல," என்றது வேறொரு குரல். பல பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியும் வரை அவள் அப்படியே நின்றாள். யார் சிரித்தது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் குனியவில்லை.

செலான் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "நெர்மினா, ஒரு சின்னக் கேள்வி. அன்னைக்கு அந்தத் தலைப்பைக் குடுத்தப்பவே, சிரமமான்னு நான் உங்களைக் கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லன்னேன்."

"அவ்ளோதான்." அவர் கைகளை விரித்தார்.

"கேட்டீங்க, பொய் சொன்னேன். அது என் தப்பு, அதை என் கணக்குல எழுதிக்கங்க. ஆனா வகுப்புல வாசிக்கறியான்னுதான் கேட்டீங்க. ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு போடட்டுமான்னு கேக்கல. எங்கப்பா தபால் பெட்டில போடட்டுமான்னு கேக்கல. அதுக்கும் அந்தப் பழைய பதிலையே எடுத்துக்கிட்டீங்க. அவருக்கு அவங்க செஞ்சதையே எனக்கு நீங்க செஞ்சீங்க. உங்களுக்கு அது கைவந்த வேலை."

செலான் முகம் முதல் தடவையாகச் சிவந்தது. பதில் சொல்ல வாயெடுத்தார். விவாதத்தை நடத்தியவர் கைக்கடிகாரத்தைத் தட்டி, நேரமாகிவிட்டது, அடுத்த கேள்வி என்றார். அங்கங்கே பத்துப் பதினைந்து பேர் கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வாய் மட்டும் நல்லா இருக்கு இவங்களுக்கு," என்றாள்.

வெளியே வந்ததும் யெர்னேயா அவள் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள். "ஜெயிச்சுட்டடி."

"எதை? அவர் இன்னும் மேடையிலதான் உக்காந்திருக்கார். போய்ப் பாரு."

மறுநாள் செலானிடமிருந்து கடிதம் வந்தது. ஆய்வாளருக்கும் வழிகாட்டிக்கும் இடையில் இருக்க வேண்டிய நம்பிக்கை குலைந்துவிட்டதால், பொறுப்பிலிருந்து விலகுகிறாராம். நான்கு வரி. இலக்கணப் பிழை இல்லை. ஒன்றரை வருட ஆய்வு நட்டாற்றில் நின்றது. அவள் அதைக் கிழிக்கவில்லை, பத்திரப்படுத்தவும் இல்லை. மேசையில் கிடந்தது, யெர்னேயா அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ப்லாவ்னா போய், பள்ளிக்கூடத்தில் அம்மாவோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாள். வீட்டுக்கு வந்தபோது அப்பா பின்பக்கத் தோட்டத்தில் வெங்காயத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மலை உச்சியில் இன்னும் பனி இருந்தது.

"அப்பா, அந்தப் பிரசுரம்."

"என்னடா அதுக்கு?"

"அதை எழுதினது நான்."

மண்வெட்டி பாதியில் நின்றது. அவர் நிமிரவே இல்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டு, கோபம், மூன்று நாள், பத்து மதிப்பெண், செலானின் நண்பர், நூலகக் கூடம். ரசித்து எழுதியதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டால் மீண்டும் ஒரு பொய் என்று தோன்றியது.

"எத்தனை நாள்ல எழுதின?" என்று கேட்டார் கடைசியில்.

"மூணு நாள்."

"மூணு நாள்." அவர் மண்வெட்டியைப் பாத்தியில் ஊன்றினார். "மூணு வாரமா நான் இதைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியறேன். உங்கம்மா கிட்ட மன்னிப்புக் கேட்டேன், தெரியுமா? உக்கார வெச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டு. என்னாலதான் எல்லாம்னு. அவ அழுதா. எவனோ பெரிய படிப்புப் படிச்சவன் சொல்லிட்டானேன்னு கேட்டேன். என் வீட்டுல வளந்தது சொல்லியிருக்கு."

"அது பொய்ப்பா. அதுல ஒரு வரி..."

"நீ பேசாத." சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. "நீ எழுதினா அது நெசம், நீ சொன்னா அது பொய். நான் என்ன உங்க ஸ்கூல் கரும்பலகையா? எழுதி எழுதி அழிக்கறதுக்கு?"

அவர் பையிலிருந்து பிரசுரத்தை எடுத்தார். மடிப்புகளில் நைந்து போயிருந்தது. பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து, விரலை வரிக்கு அடியில் வைத்து மறுபடியும் படித்தார், முணுமுணுப்பாக. "பேசாமல் இருப்பதும்" என்ற இடத்தில் நின்றார்.

"கூட்டத்துல என்ன சொன்ன? அதைச் சொல்லு. அதை மட்டும்."

சொன்னாள். கேட்ட கேள்வி ஒன்று, எழுதிக்கொண்ட பதில் வேறொன்றுக்கு என்று.

அவர் ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் நொறுக்கினார். "என்னை யாரும் கேக்கல," என்றார். பிறகு கொஞ்சம் உரக்க, "என்னை ஒருத்தனும் கேக்கல. ஒரு கடுதாசி போடல. நாலு மாசம் அவங்க ரோட்டுல நடந்துக்கிட்டு இருந்தேன், அவங்க ஆலையில வேலை பாத்தேன், எவனும் சொல்லல. நான் தப்புப் பண்ணலடி, ஸ்லாவ்கா." சமையலறை ஜன்னலைப் பார்த்துத்தான் கத்தினார். "நான் ஒரு தப்பும் பண்ணல. எட்டு வருஷம் எலி மாதிரிப் பதுங்கினேனே, எதுக்கு? எதுக்குன்னு கேக்கறேன்."

ஸ்லாவ்கா கை ஈரத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். "அதைத்தான் பன்னெண்டு வருஷமா நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். பட்டம் வாங்கலன்னா இந்த வீட்டுல எவன் காது குடுக்கறான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஃபிக்ரெத் சங்கத்துக்காரர்கள் விட்டுப்போன படிவத்தைத் தேடி எடுத்தார். குப்பையில் போடவில்லை, குளிர்பதனப் பெட்டியின் மேல் ரொட்டிக் கூடைக்கு அடியில் இருந்தது. "நடந்ததை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதவும்" என்று மூன்று பக்கம் காலியாக விட்டிருந்தது.

"நான் எழுதித் தரட்டுமாப்பா?" என்றாள் நெர்மினா.

"வேண்டாம்."

"நீங்க சொல்லச் சொல்ல..."

"நீ எழுதினது போதும். என் வார்த்தையிலன்னுதான் போட்டிருக்கு."

அவருக்கு அந்த ஊர் மொழியில் பேசத் தடையில்லை, எழுதத்தான் வராது. எழுத்து எழுத்தாக, பேனாவை உளிபோல் பிடித்துக்கொண்டு எழுதினார். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. சந்தேகம் வந்த சொல்லுக்கெல்லாம் ஸ்லாவ்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த, அந்த மொழியில் பத்துக்குப் பத்து வாங்கியவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தலைகீழாகத் தெரிந்த வரிகளில் பிழைகள் இருந்தன. ஒரு இடத்தில் வருடத்தையே தப்பாகப் போட்டு, அவராகக் கண்டுபிடித்து அடித்தார். நெர்மினா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழரை மணிக்கு அம்மா வானொலியைப் போட்டாள். வந்து ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்லாவ்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். நெர்மினாவுக்கு நூலகக் கூடத்துச் சிரிப்பு காதில் கேட்டது. அந்தத் தொண்ணூற்றைந்தில் எத்தனை பேரை அவளுடைய ஐந்தாறு வரி அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று கணக்குப் போட வழியில்லை. வாழ்நாள் முழுக்கப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

ஃபிக்ரெத் தலை நிமிரவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தார்.

"அந்தச் சத்தத்தைக் குறை, ஸ்லாவ்கா. எழுதறேன்ல."

கொஞ்ச நேரம் கழித்து, பேனாவை எடுக்காமலே, யாரையும் பார்க்காமல் கேட்டார். "அந்த ஆள் கிட்டதான் இன்னும் படிக்கறியா?"

"இல்ல. விட்டுட்டார். வேற வழிகாட்டி தேடணும். ஒரு வருஷம் போயிடும்."

"கிடைப்பாங்களா?"

"தெரியலப்பா. அவரைப் பகைச்சுக்க யாரும் வர மாட்டாங்க."

"தேடு," என்றார். "விடாத. உன் மேல கோவம் எனக்கு இன்னும் போகல. போகவும் கொஞ்ச நாள் ஆகும். ஆனா அந்தாளுக்காக நீ படிப்பை விட்டேன்னு வந்து நின்ன, அப்புறம் இந்தப் படி ஏறாத."

மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, உள்ளங்கையால் நீவி விட்டு, எழுதத் தொடங்கினார்.